சுவரோரத்து நாற்காலி

மகளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தது அவர்தான். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அது பள்ளிச் சான்றிதழோடு சரி. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள், வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். ம்ஹூம். மூன்றாவது தடவை தெருவே திரும்பிப் பார்த்த பிறகுதான் அவள் சாவகாசமாகத் தலையைத் திருப்பினாள். "பாருங்க, மகாராணிய நாம நேர்ல போயி நின்னு கும்பிட்டாத்தான் பாப்பாங்க போல" என்றார். தெரு சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு வயது முப்பத்துமூன்று. கையில் ஐந்து மாதக் குழந்தை. கட்டிக்கொண்டவனும் கோபம் வந்தால் "சரிங்க மகாராணி" என்றுதான் சொல்வான்.

அவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பழக் கிடங்கில் குளிரூட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர். கூலிங்காரர் என்றால்தான் தெரியும். அறுவடையில் வரும் ஆப்பிள்களைப் பெட்டி பெட்டியாக உயரமான அறைகளில் அடுக்கி, கதவைச் சாத்தி, இடுக்குகளைப் பூசி அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே மாற்றிவிடுவார்கள். பழம் தூங்கிவிடும். எட்டு மாதமோ பத்து மாதமோ கழித்து, சந்தையில் விலை ஏறும்போதுதான் கதவைத் திறப்பார்கள். நடுவில் கை வைக்கக் கூடாது. வைத்தால் பழம் விழித்துக்கொள்ளும். அப்புறம் என்ன குளிர் கொடுத்தாலும் பழைய தூக்கம் வராது. கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதலாளியே வந்து நின்று "ஒரு பெட்டி மட்டும் எடுத்துக் குடுப்பா, சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்று கேட்டபோதுகூட, "கடையில வாங்கிக்கங்க சார்" என்று சொன்ன ஆள் அவர்.

அந்த அறைகளுக்குப் பக்கத்தில் கம்ப்ரஸர்கள் ராப்பகலாக இரைந்துகொண்டிருக்கும். அதன் நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றதில், மெதுவாகப் பேசுவது என்ற ஒன்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. மாமா வீட்டில் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் செம்பைத் தேடுவார் என்று மருமகன் கேலி செய்வான். அவருக்கு அதில் வருத்தமில்லை. சத்தமாகப் பேசுகிறவன் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்பது அவர் கட்சி.

மகள் பிறந்த வாரத்திலேயே அவள் பெயரில் ஒரு சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர் அவர். கிடங்குக்கு வந்துபோகும் ஏஜென்ட் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினார். வருஷத்துக்கு ஒரு தவணை. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இருபத்தோரு வருடம் தொடக் கூடாது. ஒரு தவணை விட்டுப்போனாலும் போட்டதற்கான பலன் போய்விடும். மற்றவர்கள் அந்தக் கடைசி விதியைக் கேட்டுத்தான் பின்வாங்குவார்களாம். கூலிங்காரருக்குப் பிடித்ததே அதுதான். கதவைச் சாத்த வேண்டும், காத்திருக்க வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. இதைவிட நன்றாக அவருக்கு என்ன தெரியும்?

"நம்ம அண்ணன் பொண்ணுக்குத் தொட்டில் வாங்குறதுக்கு முன்னாடி பாண்டு வாங்கின ஆளுடா" என்று கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

"தொட்டில் ஒரு வருஷம்டா. இது அவ ஆயுசுக்கும்" என்றார் அவர். பக்கத்து ஷெட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

சொன்னபடியே நடந்தது. அந்தப் பணத்தில்தான் மகள் ரத்தப் பரிசோதனைக் கூட வேலைக்குப் படித்தாள். மிச்சத்தில் அவள் இப்போது இருக்கும் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். கல்யாணத்துக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. இதைக் கூலிங்காரர் எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. அவர் மனைவி மட்டும் அந்தக் கதை ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இந்த மாதத்தோடு அவருக்குப் பணி ஓய்வு. கையில் ஒரு தொகை வரும். அதை என்ன செய்வது என்பதில் அவருக்கு ஒரு நிமிடம்கூடக் குழப்பம் இல்லை. பேத்தி. அதே ஏஜென்ட், இப்போது தலை முழுக்க நரைத்தவர், அதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள போட்டுடுங்கண்ணே. ஒரே தவணை. பதினெட்டு வருஷம் தொட முடியாது. பிள்ளையோட அம்மா கையெழுத்து மட்டும் வேணும்." கூலிங்காரர் பதினெட்டு வருடத்தை மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கதவு திறக்கும்போது தான் இருப்போமா என்று தோன்றியது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பழம் நன்றாக இருந்தால் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீட்டுக்குப் போனார். மனைவி வரவில்லை. முழங்கால் வலி என்றார்.

கதவைத் திறந்த மருமகன் உதட்டில் விரல் வைத்தான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், இரவு ஷிப்ட் முடித்து வந்து இன்னும் தூங்காத கண்கள். "குட்டி இப்பத்தான் அசந்துச்சு மாமா. ராத்திரி பூரா அழுகை. காதுல லேசா நீர் வடியுது."

"சளி பிடிச்சிருக்கும்" என்றார் கூலிங்காரர், தன்னால் முடிந்த அளவு மெதுவாக. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

"வந்தாச்சா" என்றாள் மகள், அறையிலிருந்து குழந்தையோடு வந்து. கோபமில்லை, களைப்புதான். "ஒரு மணி நேரம் ஆட்டித் தூங்க வச்சேன்ப்பா."

"என் பேத்திக்கு என் குரல் தெரியுது பாத்தியா?" குழந்தையை வாங்கி முகத்தைப் பார்த்தார். இடது காதோரம் பஞ்சு. அழுது சிவந்த கண்கள். அவர் ஹோய் என்று ஒரு சத்தம் கொடுத்ததும் குழந்தை திகைத்து அழுகையை நிறுத்தியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ வந்தது. குழந்தையை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் விரித்து நீவினார். விஷயத்தைச் சொன்னார். ஏஜென்ட் சொன்னதைச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் எவ்வளவாகும் என்று சொன்னார். மருமகன் விசிலடித்தான். "இவ்வளவா! மாமா, என்னையும் தத்து எடுத்துக்கங்க மாமா."

மகள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது உங்க ரிட்டயர்மென்ட் பணம் முழுசுமா?"

"முக்கால்வாசி. எங்க ரெண்டு பேருக்கு என்ன செலவு?"

"அம்மாவுக்கு முழங்கால் காட்டணும்னு சொன்னாங்களே."

"அது பாத்துக்கலாம். கையெழுத்துப் போடு. நாளைக்கே குடுத்துடுறேன்."

"நாளைக்கு நான் குட்டிய காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள். "அது முடியட்டும்."

அப்போதுதான் கூலிங்காரர் அதைச் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். "இதுக்கெதுக்கு ஸ்பெஷலிஸ்டு? ரெண்டு சொட்டு மருந்து விட்டா தானா சரியாப்போயிடும். அந்தக் காசையும் இதுல சேத்துப் போட்டா அது பெருகும்."

மகள் மேசைக்கு வந்து படிவத்தை மடித்தாள். அவர் மடித்துக் கொண்டுவந்த அதே மடிப்பில், விளிம்பு பிசகாமல் மடித்து, அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேண்டாம்ப்பா."

"என்ன வேண்டாம்?"

"இந்தப் பணம். எம் பொண்ணுக்கு வேண்டாம்."

"ஏய், என்ன பேசுற நீ? நீ நிக்கிற தரை எதுல வந்தது?"

"அதுல வந்ததுதான். நான் இல்லன்னு சொன்னேனா? படிச்சது, வீடு, எல்லாம் அதுதான். அதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லாத நாள் கிடையாது." குரல் உயரவில்லை. "ஆனா எம் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு மட்டும் இல்லப்பா. அதுக்கு முன்னாடியும் வயசு இருக்கு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பால் புட்டியைக் கழுவ ஆரம்பித்தாள், அவர்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவைத்து.

"மகாராணி!" என்றார் கூலிங்காரர். அடிபட்டதில் அவர் குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கிப்போயிருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? சொல்லிட்டுப் போ."

அவள் திரும்பவில்லை. புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க மாப்பிள. இன்னும் மாறல. கூப்பிட்டா திரும்ப மாட்டா. அன்னைக்கிருந்து இதே திமிரு."

மருமகன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கேலிக்காரன் முகத்தில் கேலியில்லை. "மாமா. அவளுக்கு அந்தக் காது கேக்காது."

"எந்தக் காது?"

"இடது காது. சுத்தமா." அவன் அடுப்படியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குத் தெரியாதா?"

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று பிறகு யோசித்தபோது அவருக்கு நினைவில்லை. பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அவர் மனைவி கூடத்தில் காலை நீட்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் நின்றபடியே.

என்ன என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. தைலப் பாட்டிலை மூடினார். "தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். அவளுக்கு ஆறு வயசுல, காதுல சீழ் வந்தப்ப. சவ்வுல ஓட்டை இருக்கு, பெரிய ஆஸ்பத்திரில சின்ன ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு. அந்த வருஷம் கிடங்குல பாதிச் சம்பளம். கைல இருந்தது தவணைப் பணம் மட்டும்தான். அத எடுக்கலாம்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு நினைவிருந்தது. அதுதான் கொடுமை. அந்த நாள் முழுக்க, ஒரு மூலை விடாமல் நினைவிருந்தது. 'நடுவுல திறக்கக் கூடாதும்மா. திறந்தா அத்தனையும் போச்சு. ரெண்டு சொட்டு மருந்து விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.' அடுத்த வருடத்துக்குள் சீழ் தானாக நின்றுவிட்டது. பாத்தியா, நான் சொன்னேன்ல என்று அவர் மனைவியிடம் சொன்னதும் நினைவிருந்தது.

"நின்னுபோச்சே" என்றார்.

"வெளியில நின்னுச்சு." அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. "பத்தொம்பது வயசுல அவளே போயிக் காட்டினா. உள்ள எலும்பெல்லாம் அரிச்சுப்போச்சுன்னாங்களாம். அப்பாகிட்ட சொல்லாதம்மான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. இன்னும் ரெண்டு வருஷத்துல பணம் வருது, அவ்வளவு சந்தோஷமா இருக்காரு, கெடுக்க வேண்டாம்னு."

"இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தேன். எனக்கு எப்படித் தெரியாம இருந்துச்சு?"

"நீங்க கத்துறது செவுத்துக்கே கேக்கும். அவளுக்குக் கேக்காதா?"

அவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். நான்கு நாற்காலிகள். சுவரை ஒட்டியது மகளுடையது. மூன்று பேர் இருக்கும் வீட்டில், சிறுமியாக இருந்தபோது அந்த ஒரு நாற்காலிக்கு அவள் அடம்பிடிப்பாள். விருந்தாளி உட்கார்ந்தால்கூட எழுப்பிவிடுவாள். மகாராணிக்குச் சிம்மாசனம் அதுதான் போல என்று அதற்கும் ஒரு கேலி செய்திருக்கிறார். போய் அதில் உட்கார்ந்தார். இடது தோள் சுவரில் பட்டது. வீடு முழுவதும், அடுப்படி, வாசல், மனைவி, எல்லாமே வலது பக்கம் இருந்தன.

அன்று சாயங்காலம் ஏஜென்ட் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காது மருத்துவர் அறைக்கு வெளியே, மகளுக்கு முன்பாகவே போய் உட்கார்ந்திருந்தார். கிடங்குக்கு லீவு சொன்னது அந்த வருடத்தில் அதுவே முதல் தடவை. மகள் வந்து அவரைப் பார்த்துவிட்டு, எதிர் வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்தாள். அவர் எழுந்து அவளுக்கு இடது பக்கம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தார். அவள் அதைக் கவனித்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவர் சொல்லிட்டாரா?" என்றாள்.

தலையசைத்தார்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரு."

"இப்ப ஏதாவது பண்ண முடியுமாம்மா? எவ்வளவு ஆனாலும்…"

"கேட்டுட்டேன்ப்பா. ஒண்ணும் வராதாம். அப்பவே பண்ணியிருக்கணும்னாங்க. காதெல்லாம் சீக்கிரமே பாத்துடணுமாம்."

சீக்கிரமே. அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர் அவர். இப்போது அதைக் கேட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. சளியால் வந்த தொற்று. சவ்வு சிவந்திருக்கிறது, லேசாகக் கிழிந்திருக்கிறது, இந்த வயதில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், மருந்தை நிறுத்தக் கூடாது, இரண்டு வாரத்தில் திரும்ப வந்து காட்ட வேண்டும், அதன் பிறகு கேட்கிறதா என்று முறையாகச் சோதித்துவிடலாம். "பெரும்பாலும்" என்ற சொல்லை மட்டும் மகள் வெளியே வந்த பிறகும் இரண்டு தடவை சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீடு பக்கத்தில்தான். மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டதால் அங்கேயே போனார்கள். மகள் யோசிக்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், சுவரோரத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. பாட்டியாகி ஐந்து மாதமே ஆன அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் எடுக்கப் போனார். கூலிங்காரர் சட்டைப்பையைத் தொட்டார். நேற்று மகள் வீட்டில் எப்போது எடுத்து வைத்தாரோ, படிவம் அங்கே இருந்தது. தூக்கிப் போடவும் மனமில்லை, எடுத்து நீட்டவும் கையில்லை.

"எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா" என்றார். "போட்டுப் பூட்டி வைக்கிறது ஒண்ணுதான் தெரியும். உனக்காகத்தான் செஞ்சேன்."

"தெரியும்ப்பா. அதனாலதான் உங்க மேல கோவப்படக்கூட முடியல." அவள் குழந்தையின் காதோரப் பஞ்சை மாற்றினாள். "போடுறதுன்னா போடுங்க. அம்மா முழங்காலுக்கு எடுத்து வச்சிட்டுப் போடுங்க. நெனச்ச அன்னைக்கு எடுக்குற மாதிரி போடுங்க. பூட்டு வேண்டாம்."

"அப்படிப் போட்டா பெருசா வளராதேம்மா."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல வேளை, கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு கண்வரை போகவில்லை.

"வளராட்டிப் போகுது."

மேசையில் அவர் போன் அதிர்ந்தது. ஏஜென்ட். மாசக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து நின்றது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணு பண்ணுங்க" என்றாள் மகள். "இவள தெனமும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குறேன். திரும்புறா. ஆனா என் குரலுக்குத் திரும்புறாளா, என் கை ஆடுறதப் பாத்துத் திரும்புறாளான்னு எனக்குத் தெரியல. டாக்டர் சொல்லட்டும், அதுவரைக்கும் என்னால சும்மா இருக்க முடியல. நீங்க பின்னால நின்னு கூப்பிடுங்க. நான் அவ கண்ண மட்டும் பாக்குறேன்."

"நானா?"

"மெதுவா. கத்தக் கூடாது. கத்தினா கேக்காத பிள்ளையும் திரும்பும்."

அவர் எழுந்தார். மகளின் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் இடமில்லை. மேசையைப் பிடித்து இழுத்து, நாற்காலியை அவளோடும் குழந்தையோடும் சேர்த்துச் சுவரைவிட்டுத் தள்ளி நகர்த்தினார். உண்டான இடுக்கில் உடம்பைச் சாய்த்து நுழைந்து நின்றார். மகள் குழந்தையை அவருக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டாள். குனிந்தார். பேத்தியின் உச்சந்தலையில் மருந்து வாசமும் பால் வாசமும் அடித்தன. மனைவி அடுப்படி வாசலில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றுவிட்டார்.

"குட்டி" என்றார்.

சத்தம் அதிகம். அவருக்கே தெரிந்தது. குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது கணக்குல வராது" என்றாள் மகள்.

காத்திருந்தார்கள். குழந்தை அமைதியாகி, தாயின் சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கை நீட்டியது. அவர் மூச்சைப் பாதியாக விட்டார். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே எழும்பி எழும்பிப் பழகிய குரலை, தொண்டையிலேயே பிடித்து அழுத்தி, உதட்டளவில் கொண்டுவந்தார். "குட்டி."

தான் சொன்னது தனக்கே கேட்கவில்லை. வெறும் காற்றுதான் போனதோ, சொல் போனதோ, அவருக்குத் தெரியவில்லை. குழந்தையின் பின்தலை மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. விரல்கள் பொத்தானிலேயே இருந்தன. மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்திருந்தாள், குழந்தையின் கண்களுக்குள்.

"கேட்டுச்சா?" என்றார் அதே காற்றுக் குரலில். அவர் நின்றது அவளுடைய இடது பக்கம். அவள் பதில் சொல்லவில்லை.

ஒரு கையை அவள் வலது தோளில் வைத்தார். அவள் நிமிராமலேயே, "என்னமோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள். "சரியாத் தெரியல. இன்னொரு தரம் கூப்பிடுங்க."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.